முந்நூறு மீட்டர்

பெனான்சியூஸ் அனுப்பியது ஆறு படம்.
ஆறிலும் வாட்சுக்குப் பின்னால்
குளச்சல் கடல் நீலமாக நின்றது.
பின்மூடி மட்டும் எதிலும் இல்லை.

முதுகைக் காட்டு என்று எழுதினேன்.
மூன்று நாள் பதில் இல்லை.
நாலாம் நாள் முதுகு வந்தது,
எண்ணின் மேல் கட்டைவிரல் வைத்து.

விரலை எடு.

மருந்துக் குப்பியின் பெயரை
மூன்று முறை வாசித்த பிறகே
ஊசியில் ஏற்றுகிறவள் நான்.
மஸ்கட்டில் பதினோரு வருடம்,
இப்போது கோட்டாறில் இரவுப் பணி.
இரண்டே முக்கால் லட்சம்
சீட்டுப் பிடித்துச் சேர்ந்தது.

"மாப்பிள்ளைக்கா டீச்சர்?" என்றான் போனில்.
எனக்கு. டீச்சர் இல்லை, நர்ஸ்.
"பெரிய வாட்ச் ஆக்கும் சிஸ்டர்.
வெள்ளமே தொட்டதில்ல.
முன்பணமா ஐம்பது போடுங்க,
திருவனந்தபுரத்துக்காரன் ஒருத்தன் கேட்டுட்டு நிக்கான்."

நிக்கட்டும்.

சனிக்கிழமை, பட்டப்பகல்,
மீனாட்சிபுரத்தில் ஞானாபரணத்தின் கடை.
மேலே கேமரா, கீழே நான்.
ஹெல்மெட்டுக்குள் துவர்த்தில் பொதிந்து
கொண்டுவந்தான்.
அட்டையில் இருந்த எண்ணும் உடலில் இருந்த எண்ணும்
ஒன்றுதான். பில்லில் இருந்த பெயரும் அவன்தான்.
தோஹாவில் ஏதோ பெரிய கடை, அரபி முத்திரை.
வளையத்தைத் திருப்பினேன்,
ஒரு பக்கம் மட்டுமே போகிறது,
நூற்றிருபது சொடுக்கு, எண்ணினேன்.
அவன் கொட்டாவி விட்டான்.

ஞானாபரணம் வளையத்தைக் கழற்றிவைத்தார்.
அடியில் வெள்ளையாக ஒரு கோடு.
நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன்.
உப்பு.

நான் பேசியபோதெல்லாம் அவன்
வலது காதையே திருப்பினான், அப்போதே கவனித்தேன்.
இடது காதில் என்ன?
"அது பழசு."
எத்தனை மீட்டரில் போச்சு?
கேமராவைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.
"நாப்பத்தி ரெண்டு. குழாய் வெல்டிங்குக்கு எறங்கினேன்.
ரெண்டு வருசம் கையில கெடந்தது சிஸ்டர்.
தொட்டதுன்னு சொன்னா வெல கொறைப்பாங்கன்னு..."

குறைத்தேன். இருபதாயிரம்.
உள்ளுக்குள் எனக்கு அப்போதுதான்
அந்த வாட்ச் பிடித்துப்போனது.

புது ரப்பர் போட்டு, மூடி முறுக்கி,
கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டார்.
காற்றை இறுக்கினார்,
வெள்ளத்துக்குள் தாழ்த்தினார்,
மெல்ல அழுத்தத்தை விட்டார்.
ஒரு குமிழி.

ட்ரிப் குழாயில் குமிழி கண்டால்
சுண்டித் தள்ளும் விரல் இது.
குடுவையையும் சுண்டிவிட்டது, அனிச்சையாக.
"தொடாதே அம்மா. தொடர்ந்து வந்தால்தான் கசிவு.
இது வளையத்துக்குள் கிடந்த காற்று."
மூன்று பேரும் குனிந்து நின்றோம்.
வெளியே திருவட்டார் பஸ் ஒன்று
ஹாரன் அடித்து அடித்து அடங்கியது.
அடுத்த குமிழி வரவேயில்லை.

அப்புறம்தான் பணம், வங்கி வழியாக.
ஆதார் நகலின் கீழே அவன் எழுதினான்:
'வெள்ளம் தொட்ட வாட்ச். அறிந்தே வாங்குகிறார்.'
எழுத்துப்பிழை இரண்டு. திருத்தவில்லை.

படியிறங்கும்போது கேட்டான்,
"கடல்ல போட்டுட்டு எறங்குவியளா?"
எனக்கு நீச்சல் தெரியாது.
அவன் காது கேட்காதவன் மாதிரி நின்றான்.
திரும்பச் சொன்னேன், வலது பக்கம் வந்து.
கொடிமுனையில் பிறந்தேன். எங்கள் தெருவில்
ஆண்பிள்ளைகள் நாலு வயதில் அலைக்குள் விழுவார்கள்.
நாங்கள் கரையில் நின்று
அவர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வோம்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும்.

ஞாயிறு பூசை முடிந்து,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
சேலை நனைந்தது. முழங்கால் வரை வெள்ளம்.
குனிந்து கையை விட்டேன், வளையம் மூழ்க.

அரை மீட்டர்.
இன்னும் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதரை
பாக்கி.